ஒன்பது நாள் மாவுக்கட்டு

பச்சையப்பனைப் பற்றி ஆரணியில் எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பெண்டாட்டியை ஒரு தடவைகூடக் கைநீட்டி அடித்ததில்லை. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கெட்டவன் செய்த கெடுதலுக்குக் கதை எதற்கு? அதை ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம்.

பச்சையப்பன் பட்டுச்சேலை நெய்கிறவன். அவன் மனைவி திலகவதி பாவு பிணைக்கிறவள். தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளின் தொகுதிதான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அதை அடியோடு உருவிவிட மாட்டார்கள். கடைசி முழத்தை அப்படியே விட்டுவைத்து, அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைச் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. முடிச்சுப் போடக் கூடாது, போட்டால் இழை நுழைந்துபோகும் விழுதின் கண்ணில் மாட்டிக்கொண்டு அறுந்துவிடும். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே முறுக்கு, அவ்வளவுதான். அந்த ஒரு முறுக்கு எல்லாருக்கும் வந்துவிடாது. திலகவதி பிணைத்த பாவு நடுவில் அறுந்தது என்று யாரும் சொன்னதில்லை. சுற்றுப்பக்கம் நாலைந்து தெருவில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பச்சையப்பனுக்கு அதில் ரொம்பப் பெருமை. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பெண்டாட்டியின் விரலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் வரை நிறுத்த மாட்டான்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, முந்தின ராத்திரி பெய்த மழையில் தெரு நசநசவென்று கிடந்தது. ஜவுளி முதலாளி ராமதாஸ் வீட்டிலிருந்து புதுப் பாவு எடுத்துவர வேண்டும். பச்சையப்பன் பழைய பாவின் கடைசிச் சேலையில் முந்தானை ஓட்டிக்கொண்டிருந்தான். தறியை விட்டு எழுந்திருக்க மனமில்லை. "நீ போயி வாங்கிகினு வந்துடு திலகா" என்றான். அவள் போனாள்.

பாவைத் துணியில் சுற்றி, இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். தெரு முனையில் சாக்கடை மேல் போட்டிருந்த சிமெண்டுப் பலகையில் பாசி. கால் வழுக்கியது. சாதாரணமாக யாராக இருந்தாலும் கையில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஊன்றுவார்கள். திலகவதி பட்டுக்காரி. பாவை விடவில்லை. இடது கையால் அதை இன்னும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையை மட்டும் முன்னால் நீட்டி ஊன்றினாள். மொத்த உடம்பும் அந்த ஒரு கை மேல் இறங்கியது. மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கிய சத்தம் தனக்கே கேட்டதாக அவள் பிற்பாடு சொன்னாள்.

எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த தனகோடி ஓடிவந்து தூக்கிவிட்டாள். தனகோடியும் பாவு பிணைக்கிறவள்தான். "அய்யய்யோ, கைய ஊனிட்டியேடி, வலிக்குதா?" என்று கேட்டவள், அடுத்த மூச்சில் "பாவு பத்திரமா?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

திலகவதி வீட்டுக்கு வந்து முதலில் பாவைக் கொடுத்தாள். பிறகுதான் கையைக் காட்டினாள். பச்சையப்பன் துணியைப் பிரித்து, விளக்கடியில் வைத்து இரண்டு புறமும் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு சொட்டு சேறு படலடி!" என்று சிரித்தான். "கெட்டிக்காரிடி நீ."

அவளும் சிரித்தாள். அப்புறம் கண் கலங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அவனுக்குக் கை நினைவு வந்தது.

பஜார் பக்கம் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர் ஹேமநாத்திடம் கூட்டிப்போனான். சின்ன வயது, மீசைகூடச் சரியாக அடர்ந்திருக்கவில்லை. படம் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றார். பச்சையப்பனுக்கு உயிர் வந்தது. ஆனால் டாக்டர் அவளைக் கட்டைவிரலை நீட்டச் சொல்லி, அதன் அடியில் மணிக்கட்டோரம் விழுகிற சின்னக் குழியில் தன் விரலால் அழுத்தினார். திலகவதி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"இதான் எனக்குப் பிடிக்கல" என்றார் டாக்டர். "இந்தக் குழிக்குள்ள ஒரு சின்ன எலும்பு இருக்குங்க. அதுல விரிசல் விட்டா மொதல் நாள் படத்துல தெரியவே தெரியாது. ரெண்டு வாரம் கழிச்சுதான் தெரியும். அதுவரைக்கும் ஒடஞ்சிருக்குன்னே வச்சிக்கணும். கட்டைவிரலையும் சேர்த்து மாவுக்கட்டு போட்டுடறேன். பதினாலாம் நாள் வாங்க, மறுபடியும் படம் எடுப்போம். நடுவுல எக்காரணம் கொண்டும் கழட்டக் கூடாது."

கட்டோடு வெளியே வந்தபோது அவள் கட்டைவிரல் மட்டும் வானத்தைப் பார்த்து விறைப்பாக நின்றது. தெருவில் கேலிக்குக் கேட்க வேண்டுமா? "திலகா எல்லாத்துக்கும் ஓகே சொல்லிகினு போறா பாரு" என்றார்கள். அவளும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்தாள். முதல் நாலு நாள் அப்படித்தான் போனது. பச்சையப்பனே சோறு வடித்தான், ரசம் வைத்தான். உப்பு கூடிப்போனதைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். அவள் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிடத் திணறுகிறபோது அவனே பிசைந்து ஊட்டியும் விட்டான். அவன் நல்ல மனுஷன் என்று முதலிலேயே சொன்னேன்.

ஐந்தாம் நாள் பழைய பாவு தீர்ந்துவிட்டது. கடைசிச் சேலையை அறுத்தெடுத்தான். அதோடு தறி நின்றது.

நின்ற தறியோடு ஒரே வீட்டில் இருப்பது என்னவென்று நெசவாளிக்குத்தான் தெரியும். காலையில் எழுந்தால் கால் தானாகத் தறிக்குழிப் பக்கம் போகும். அங்கே போய் என்ன செய்வது? பச்சையப்பன் மிதிபலகையைத் துடைத்தான், அச்சைத் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான். புதுப் பாவு, ஆடியில் நெய்து ஆவணி முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கல்யாணச் சேலைகளுக்கானது. ராமதாஸ் இரண்டு தடவை போன் செய்தார், திட்டவில்லை. "கை எப்படிப்பா இருக்கு வூட்டுல?" என்று அவர் தணிவாகக் கேட்டதுதான் அவனை அரித்தது. வேறு ஆளிடம் பாவைக் கொடுக்கப் போகிறவர்தான் அப்படித் தணிவாகப் பேசுவார் என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

எட்டாம் நாள் தனகோடியைக் கேட்டான். அவள் கையில் ஏற்கெனவே மூன்று வீட்டு வேலை இருந்தது. "நாலு நாள் பொறுத்துக்கோண்ணா, வந்து முடிச்சுத் தரேன்" என்றாள்.

நாலே நாள். எண்ணிப் பாருங்கள். அந்த நாலு நாளை அவனால் பொறுக்க முடியவில்லை. அதற்கு அவன் சொல்லிக்கொண்ட காரணம் வேறு. இருபத்திரண்டு வருஷமாக அவன் தறியில் திலகவதி பிணைக்காத பாவு ஏறியதில்லை. தனகோடியின் முறுக்கு கொஞ்சம் தளர்ச்சி, நடுச்சேலையில் நாலு இழை போனால் யார் பதில் சொல்வது? இப்படியெல்லாம் தெருமுனை வரை நடந்து திரும்புவதற்குள் ஒரு கட்டு காரணம் சேர்த்துவிட்டான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், சாப்பிட்டு முடித்த கையோடு ஆரம்பித்தான்.

"வலி எப்படி கீது?"

"பரவால்ல. மொதல்ல மாதிரி இல்ல."

"வீக்கம்?"

"உள்ள இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்?"

"படத்துலதான் ஒண்ணுமே இல்லன்னு சொன்னாரே அந்தப் பையன். சும்மா பயத்துல போட்ட கட்டு இது. அவருக்கு பேஜார் வேணாம்னு போட்டுட்டாரு."

திலகவதிக்கு அவன் எங்கே வருகிறான் என்பது புரிந்துவிட்டது. "இன்னும் அஞ்சு நாள்தானேங்க" என்றாள். "தனகோடி வரேன்னுதானே சொல்லிக்கீறா."

"பாக்கலாம்னுதான் சொல்றேன். ஒரு தடவ பாத்துட்டு, வலிச்சா திரும்பக் கட்டிக்கலாம். நான் இன்னா உன்ன வேல செய்யவா சொல்றேன்?"

இதையும் சொல்லியாக வேண்டும். அவன் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவளாகத்தான் நீட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக அவன் ஒன்றைக் கேட்டு, மறுபடியும் கேட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அவள் கொடுத்துவிடுவாள். அன்றைக்கும் அப்படியே ஆனது. பச்சையப்பன் வெந்நீர் வைத்து ஊறவிட்டான். மேலே சுற்றியிருந்த துணியைக் கத்தரியால் வெட்டி, காய்ந்த மாவை மெதுவாக, ரொம்ப மெதுவாக, அவளுக்கு வலிக்காதபடி பெயர்த்தெடுத்தான். கை வெளுத்துச் சுருங்கி, பிறந்த குழந்தையின் கைபோல் இருந்தது.

பட்டுத் தெருவில் எல்லாவற்றுக்கும் தறிதான் சோதனை. காய்ச்சலில் கிடந்தவன் எழுந்து நாடா வீசினால் குணமாகிவிட்டான் என்று அர்த்தம். கண்ணாடி போட வேண்டுமா வேண்டாமா என்பதை விழுதுக்கண் தெரிகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பச்சையப்பன் ஒரு கிண்ணத்தில் சாம்பலும் இரண்டு பட்டு இழையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"முறுக்கு பாப்போம்."

அவள் சாம்பலைத் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கினாள். அவன் இரண்டு பக்கமும் பிடித்துச் சுண்டி இழுத்தான். பிரியவில்லை.

"பாத்தியா?" என்றான். அவன் குரலில் வந்த சந்தோஷம் பொய்யில்லை. "ஒடஞ்ச கை இப்படி முறுக்குமா? எலும்பு போயிருந்தா வெரலு அசையுமா? நீயே சொல்லு."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. இப்படி ஒரு தவறு வேறு ஊரில், வேறு தொழிலில் நடக்க வழியில்லை. ஒரு மூட்டை தூக்கச் சொல்லியிருந்தால், ஈரப் புடவை ஒன்றைப் பிழியச் சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். நூல் முறுக்குவதற்கு விரல் நுனி போதும். அந்த விரலை ஆட்டுகிற தசை முழங்கைப் பக்கம் இருக்கிறது, மணிக்கட்டில் எது உடைந்து கிடந்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். இதெல்லாம் பச்சையப்பனுக்கு ஐந்து மாதம் கழித்து ஒரு டாக்டரம்மா படம் போட்டுச் சொல்லித்தான் தெரிய வந்தது.

மறுநாள் காலையில் அவள் தறிக்கு முன்னால் உட்கார்ந்தாள். வழக்கமாக ஒரே பகலில் முடிப்பவளுக்கு மூன்று நாள் பிடித்தது. மணிக்கட்டுக்குக் கீழே தலையணை வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சாயந்திரம் கை புடைத்து, வளையல் இறங்க மறுத்தது. அவன் தவிட்டு ஒத்தடம் கொடுத்தான்.

பதினாலாம் நாள் கிளினிக்கிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். படம் எடுக்க ஏன் வரவில்லை என்று கேட்டாள். பச்சையப்பன்தான் பேசினான். "நல்லாயிடுச்சு மேடம், வேலையே செஞ்சிகினு இருக்காங்க" என்றான். அந்தப் பெண் சந்தோஷப்பட்டு வைத்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. திலகவதி தலையை இடது கையால் வார ஆரம்பித்தாள். தோசைக்கல்லை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள். ஒரு நாள் காபி டம்ளர் கை நழுவி அவன் மடியில் கொட்டியது. "எங்கடி பராக்கு பாத்துகினு கீற?" என்று சீறினான். அவள் துடைத்தாள். கட்டைவிரலடியில் வலி என்று சொல்லும்போதெல்லாம் தைலம் வாங்கி வந்தான். ஒரு தடவை விலை கூடின தைலமே வாங்கி வந்தான். வயசாகிறது, குளிர் ஏறுகிறது, பழைய அடி அப்படித்தான் நினைவூட்டும் என்றான். இதற்குள் அவள் தன் வீட்டுப் பாவு நான்கையும் தெருவார் பாவு பத்துப் பன்னிரண்டையும் பிணைத்துவிட்டாள். யாரும் குறை சொல்லவில்லை. முறுக்கு எப்போதும்போல இறுக்கமாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் வந்தவாசியில் திலகவதியின் தங்கை ஜெயப்ரியா வீட்டில் அவள் மாமியாருக்கு முதல் திவசம். ஜெயப்ரியா அங்கே பள்ளிக்கூட டீச்சர், புருஷனுக்குக் கோரைப்பாய் கடை. பச்சையப்பனும் திலகவதியும் போயிருந்தார்கள். கிணற்றடியில் அக்கா ஈரத்துண்டைப் பிழியாமல் இடது கையால் கொடிக்கம்பியில் சுற்றி முறுக்குவதை ஜெயப்ரியா பார்த்துவிட்டாள். கையை வாங்கி மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாள். பாதிகூட மடங்கவில்லை. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"விழுந்ததுல இருந்துதான்."

"அஞ்சு மாசமா? மாமா இன்னா பண்ணிகினு இருந்தாரு?"

"அவரு தைலமெல்லாம் வாங்கியாந்தாரு" என்றாள் திலகவதி.

மறுவாரம் மூன்று பேரும் வேலூரில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஜெயப்ரியா வெளியே உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிப் போனில் பேசிக்கொண்டிருக்க, பெயரைக் கூப்பிட்டதும் இவர்கள் இருவரும் உள்ளே போனார்கள். டாக்டர் டயானாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தலை நரைத்திருந்தது, குரலில் சுற்றிவளைப்பு கிடையாது.

படத்தில் ஒரு சின்ன எலும்பைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். முந்திரிப்பருப்பு அளவு, நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. "இதுக்கு ரத்தம் ஒரு பக்கத்துல இருந்து மட்டும்தான் வரும். ஒடஞ்ச உடனே அசையாம வச்சிருந்தா சேர்ந்திருக்கும். அசைஞ்சுகிட்டே இருந்ததால சேரல. இந்தப் பாதிக்கு ரத்தமே போகல, செத்துகிட்டிருக்கு. மொதல்ல யாருகிட்ட காட்டினீங்க?"

ஆரணி டாக்டரின் சீட்டைப் பச்சையப்பன் நீட்டினான். டயானா அதை முழுசாகப் படித்தார்.

"இவர் எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்காரு. கட்டு போட்டிருக்காரு, ரெண்டு வாரத்துல வரச் சொல்லியிருக்காரு. அப்புறம் என்ன ஆச்சு? கட்டை எப்போ எடுத்தீங்க?"

"ஒம்பதாம் நாள்" என்றாள் திலகவதி.

"யாரு எடுத்தது?"

 பச்சையப்பன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நான்தான் மேடம். அரிச்சிது. தாங்க முடியல, கழட்டிட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில், சொந்தக்காரர்களிடத்தில், தங்கையிடத்தில் என்று எங்கேயும் அவனை விட்டுக்கொடுத்துப் பேசியறியாதவள். இங்கேயும் விட்டுக்கொடுக்கவில்லை. அவனுக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, நிம்மதிதான். அப்பாடா என்று இருந்தது. மறைப்பானேன்?

டயானா பெருமூச்சு விட்டார். "பாருங்கம்மா, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உங்க இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் எடுத்து இதுல வச்சு, ஸ்க்ரூ போடறது. அதுக்கப்புறம் மூணு மாசம் கட்டு. கட்டைவிரல் அசையக் கூடாது. அப்படி இருந்தாக்கூட கண்டிப்பா சேரும்னு நான் சொல்ல மாட்டேன், பாதிக்குப் பாதி. ரெண்டாவது, மணிக்கட்டையே ப்ளேட் வச்சு இறுக்கிடறது. வலி போயிடும். ஆனா மணிக்கட்டு இனிமே எந்தப் பக்கமும் மடங்காது."

"வெரலு?" என்றாள் திலகவதி.

"விரல் ஆடும். கையை வளைச்சு செய்யற வேலைதான் கஷ்டம். தலை பின்றது, துணி பிழியறது, சாதம் பிசைஞ்சு வாயில வைக்கறது. பழகிக்கணும்."

"மேடம், மொத வழியே பண்ணிடுங்களேன்" என்றாள் அவள்.

டாக்டர் தலையாட்டவில்லை. "நீங்க ஒம்பது நாள்ல அரிக்குதுன்னு கட்டைக் கழட்டினவங்க. மூணு மாசம் எப்படி வச்சிருப்பீங்க? இடுப்பை வெட்டி எலும்பு எடுத்து வச்சு, நீங்க இருபதாம் நாள் கழட்டினா கையும் போச்சு, அந்த எலும்பும் போச்சு. பொறுமை இல்லாதவங்களுக்கு இதைச் செய்யறதுல பிரயோஜனமில்ல. கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு ரெண்டாவதுதான் சரி." சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

பொறுமை இல்லாதவள் என்று அந்தம்மாள் சொன்னது யாரை? நாலாயிரம் இழையை ஒவ்வொன்றாகத் தொட்டு முறுக்குகிறவளை. பச்சையப்பனுக்கு முகமெல்லாம் சுட்டது. திலகவதி தலை குனிந்திருந்தாள். வலது கையை இடது கையால் பொத்தி மடியில் வைத்திருந்தாள். உண்மையை இப்போது அவள் சொல்ல முடியாது, சொன்னால் அவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். சொல்ல வேண்டியவன் அவன்தான். எழுதுகிற பேனா பாதிப் பக்கம் வரை வந்துவிட்டது. இந்தக் காகிதம் எழுதி முடிந்தால் அந்தக் கை சாகும் வரைக்கும் மடங்காது. இவ்வளவும் தெளிவாகத் தெரிந்தும் அவன் நாக்கு எழவில்லை. ஒரு டாக்டரம்மா தன்னை என்ன நினைப்பாளோ என்ற கூச்சம், தன் பெண்டாட்டியின் கையைவிடப் பெரிதாக அவன் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. எத்தனை அற்பம் பாருங்கள். பேனா கீழே இறங்கிக்கொண்டேயிருந்தது.

"அவ கழட்டல மேடம்" என்றான் கடைசியில். "நான்தான் கழட்டுனேன்."

டயானா நிமிர்ந்தார்.

"பாவு பிணைக்கணும்னு நான்தான் கத்தரிச்சேன். அவ அஞ்சு நாள் பொறுக்கச் சொன்னா. நான்தான் கேக்கல. அவளுக்குப் பொறும இல்லன்னு எழுதாதீங்க மேடம். அவ வச்சிருப்பா. மூணு மாசம் இன்னா, ஆறு மாசம்னாலும் வச்சிருப்பா."

சொல்லி முடித்ததும் அவனுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டான். மனசு லேசானது போலிருந்தது. ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டோம் என்றே நினைத்தான். டாக்டர் திட்டுவார், திட்டட்டும், அப்புறம் முதல் வழியை எழுதிக் கொடுப்பார், எல்லாம் சரியாகும்.

டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். பிறகு நாற்காலியைத் திருப்பித் திலகவதியின் பக்கம் குனிந்தார்.

"உங்ககிட்டதான்மா கேக்கறேன். அவரைப் பாக்காதீங்க, என்னைப் பாத்து சொல்லுங்க. ஆபரேஷன் பண்ணி அனுப்பினா, வீட்டுல மூணு மாசம் இந்தக் கட்டு உங்க கையில இருக்குமா?"

பச்சையப்பன் அவளை முந்திக்கொண்டு தலையாட்டினான். இருக்கும் மேடம், நான் பொறுப்பு, என்று சொல்ல வாயெடுத்தான்.

"இருக்காது மேடம்" என்றாள் திலகவதி.

அவள் குரலில் கோபம் இல்லை. அவன் தேடிப் பார்த்தான், இல்லவே இல்லை. தெருவில் யாராவது இன்றைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"வேணும்னு செய்ய மாட்டாரு. ரொம்பப் பாசமா பாத்துக்குவாரு. ஒரு மாசம் வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அப்புறம் தறி நின்னுடும். வலிக்குதான்னு கேக்க ஆரம்பிப்பாரு. ஒரு தடவ பாக்கலாம்னு சொல்லுவாரு. நானும் நீட்டிடுவேன் மேடம். எனக்கு அவர்கிட்ட இல்லன்னு சொல்ல வராது." மடியில் இருந்த கையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "என் தங்கச்சி வெளிய உக்காந்துகினு இருக்கா. வந்தவாசி. அவ வூட்டுல இருந்தா இருக்கும். நீங்க மொத வழியே பண்ணுங்க, நான் அங்க போயிடறேன்."

"எத்தனை நாள்?"

"நீங்க எத்தினி நாள் சொன்னாலும்."

டாக்டர் எழுதியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தார். "நீங்க வெளிய போய் அவங்களை உள்ள அனுப்புங்க" என்றார் பச்சையப்பனிடம், நிமிராமலே. "நீங்க வர வேணாம். அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நான் பேசிக்கறேன்."

அவன் எழுந்தான். திலகவதியின் தோளைத் தொடலாமா என்று கை போனது, திரும்பி வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, டாக்டர் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஜெயப்ரியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள்.

"இன்னா மாமா சொன்னாங்க?"

"ஆபரேசன் பண்றாங்க. உன்ன உள்ள கூப்புடறாங்க. அப்புறம் மூணு மாசம் அக்கா உங்க வூட்டுல இருக்கணுமாம்."

"இருக்கட்டும், இன்னா இப்போ. ஆனா ஏன் மாமா? ஆரணியிலேயே இருந்தா இன்னா, சொந்த வூடாச்சே?"

பச்சையப்பன் சுவரோரம் இருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தான்.

"அங்க நான் கீறனே" என்றான்.

ஜெயப்ரியா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கதவைத் தள்ளிக்கொண்டு அக்காவிடம் உள்ளே போனாள்.